பென்ஷன் காசுல வேற கிரகம் போறது எப்படி?

வீட்ல ரிடையர் ஆன அப்பாவோ மாமாவோ இருக்கிறவங்களுக்கான த்ரெட் இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

சுகர், பிரஷர் மாத்திரை வாங்க மாசாமாசம் ஓபிக்கு வர்றவங்கள்ல, அறுபது தாண்டின ஆம்பளைங்க நிறைய பேர் கிளம்பும்போது கடைசியா ஒண்ணு கேப்பாங்க. "சார், தூக்கத்துக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்."

சட்டுனு எழுத மாட்டேன். அல்பிரசோலம் மாதிரி மாத்திரை போட்டுட்டு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தா அந்த வயசுல தள்ளாடும். விழுந்தா இடுப்பெலும்பு. அதுக்கப்புறம் நிலைமையே வேற. அதனால நான் முதல்ல கேக்குறது, "பகல்ல என்ன பண்றீங்க?"

"டிவி பாப்பேன், அப்படியே கண் அசந்துடும்." பகல்லயே ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டா ராத்திரிக்கு ஏது தூக்கம்?

அப்படி வந்தவர்தான் ஊரப்பாக்கத்துல இருக்கிற ஒரு பெரியவர். (அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தியிருக்கேன்.) பஸ் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இல்ல, பையன் வெளியூர்ல. சின்ன வயசுல என்ன பிடிக்கும்னு கேட்டதுக்கு, "முத்து காமிக்ஸ்"ன்னார். 1972-ல அதோட முதல் இதழா வந்த இரும்புக்கை மாயாவியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சார். கரண்ட் ஷாக் அடிச்சதும் உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியுமே, அந்த ஆளு. பின்னாடி நாப்பது பேர் க்யூல நிக்கிறாங்க, இவர் கையை ஆட்டி ஆட்டி நடிச்சே காட்டுறார்!

இப்போ ஏன் படிக்கிறதில்லன்னு கேட்டேன். "இந்த வயசுல மாயாஜாலக் கதை படிச்சா சிரிப்பாங்க. புத்தகம் விக்கிற விலைக்குக் கட்டுப்படியும் ஆகாது." கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "ரெண்டு பக்கம் படிச்சா எழுத்து கலங்குது சார். மூளை மங்கிப்போச்சு போல."

மூளையில ஒண்ணும் இல்ல. டார்ச் அடிச்சுப் பாத்தா ரெண்டு கண்லயும் புரை. நல்லா படிச்சுட்டு இருந்தவங்க திடீர்னு "மனசு ஓடல"ன்னு புத்தகத்தை மூடி வெச்சா, முதல்ல கண்ணைக் காட்டுங்க. புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஆனா ஒரு விஷயம். சாதாரணமா வெக்கிற லென்ஸ் தூரப் பார்வைக்குத்தான் செட் ஆகும். கிட்டக்க படிக்க அப்புறமும் கண்ணாடி வேணும். அதை வாங்காமலேயே "ஆபரேஷன் பண்ணியும் படிக்க முடியல"ன்னு விட்டவங்க ஏகப்பட்ட பேர். சுகர் இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையையும் பாத்துக்கணும்.

இவருக்கும் ஆபரேஷன் ஆச்சு, கண்ணாடியும் வந்துச்சு. இப்போ மத்தியானத் தூக்கம் இல்ல, படிக்கிறார். மாத்திரை எழுத வேண்டி வரல. எல்லாருக்கும் இப்படியே ஆகும்னு சொல்ல மாட்டேன். தூக்கம் வராததுக்கு மனச்சோர்வு, மூச்சு அடைக்கிறதுன்னு வேற காரணங்களும் இருக்கு, அதைத் தனியாதான் பாக்கணும்.

சரி, காசு. நம்ம மாநிலத்துல 1948-லயே பொது நூலகச் சட்டம் வந்தாச்சு. சொத்து வரியோட நூலக வரின்னு 10 சதவீதம் நீங்க கட்டிட்டுதான் இருக்கீங்க. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. கட்டிட்டு நூலகத்துக்குப் போகாம இருக்கிறது, டிக்கெட் எடுத்துட்டு பஸ்ல ஏறாத மாதிரி. (கண்டக்டர்கிட்ட இதைச் சொன்னதும் பாயிண்டைப் புடிச்சுக்கிட்டார்.)

நூலகத்துல முதல்ல தேட வேண்டியது சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும். எண்பதுகள்ல உக்காந்து 2020களை எழுதியிருக்கார். இப்போ அந்த 2020களுக்குள்ள இருந்துக்கிட்டு அதைப் படிக்கிற சுகமே தனி. எங்கே ஜெயிச்சிருக்கார், எங்கே சறுக்கியிருக்கார்னு பாக்கலாம். ஜீனோங்கிற அந்த ரோபோ நாய்க்குட்டி மட்டும் இன்னும் நம்ம கைக்கு வரல. வாட்ஸப்ல சுத்துற பிடிஎஃப் வேண்டாங்க. அவர் 2008-ல காலமானார். இந்தியச் சட்டப்படி அதுக்கப்புறம் 60 வருஷம் காப்புரிமை இருக்கு.

அதே கணக்குப்படி எச்.ஜி.வெல்ஸ் நமக்கு இலவசம், 1946-லயே போய்ட்டார். இங்கிலீஷ் படிக்க வரும்னா, 1895-ல வந்த 'டைம் மெஷின்' புராஜெக்ட் குட்டன்பர்க்ல இருக்கு. ரொக்கையா பேகம் எழுதின 'சுல்தானாஸ் ட்ரீம்' கதையையும் தேடிப் பாருங்க. பெண்கள் ஆட்சி பண்ற நாடு, சூரிய வெப்பத்துல சமையல், பறக்கிற வண்டி. 1905-ல அச்சானது. எங்கேன்னு நினைக்கிறீங்க? நம்ம மெட்ராஸ்ல இருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்'ல! இதை ஏன் எங்களுக்கு ஸ்கூல்ல யாரும் சொல்லலன்னு இன்னும் ஆதங்கமா இருக்கு.

தமிழ்லன்னா புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படிச்சிருக்கீங்களா? கடவுள் நேரா பிராட்வே பக்கம் வந்து இறங்கி நம்ம ஆளோட காபி சாப்பிடப் போறார். இதைவிட நல்ல ஃபேண்டஸி என்ன வேணும்? அவர் கதைகள் மதுரைத் திட்டம் தளத்துல காசில்லாம கிடைக்குது. பெருசா ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா உக்காரணும்னா ஜெயமோகனோட 'வெண்முரசு'. மகாபாரதம்தான், ஆனா நாகர் உலகம் அது இதுன்னு வேற எங்கேயோ கூட்டிட்டுப் போகும். 2014-ல இருந்து 2020 வரைக்கும் அவர் தளத்துல தினமும் இலவசமா வந்தது, மொத்தம் 26 நாவல். நான் மூணாவதுல நிக்கிறேன். நைட் டியூட்டி பாக்குறவனுக்கு அது ஆகாது, ரிடையர் ஆனவங்களுக்குத்தான் லாயக்கு.

போன்ல படிக்கிறதா இருந்தா பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து எழுத்தைப் பெருசா மாத்திக் குடுங்க, வெளிச்சத்தைக் குறைச்சு வைங்க. ஒரு வரியில நாலு வார்த்தை வந்தாலும் பரவால்ல. படுக்கையில வேண்டாம், சாயங்காலத்தோட முடிச்சுக்கட்டும். போன் பிடிக்காதவங்க கிண்டியில ரயில் இறங்கி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போகலாம். உக்காந்து படிக்க ஒரு பைசா வேண்டாம், ஏசி வேற.

விழித்திரை கெட்டுப்போய் கண்ணாடியாலயும் சரி பண்ண முடியாதவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு யாராவது படிச்சுக் காட்டணும். வீட்ல எட்டாவது படிக்கிற பேத்தி இருந்தா ஜீனோ கதையைக் கையில குடுங்க, தினமும் ஒரு அத்தியாயம். தாத்தா அடுத்தது என்னன்னு கேப்பார், அவ நாளைக்குன்னு சொல்லட்டும்.