வல்வெட்டித்துறைக் கடிதம்: கூழ்ப்பானையும் கூடங்குளமும்

கூடங்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை (சுருக்கமாக வல்வை) நேர்கோட்டில் ஏறத்தாழ 325 கிலோமீட்டர். இடையில் இருப்பது கடல் என்பதால் இந்த ஊருக்கு அது தூரமாகத் தெரிவதில்லை. நெல்லைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் வல்வையில் வரும் முதல் கேள்வி ரோலர் எனும் இழுவைமடிப் படகுகளைப் பற்றியது. இரண்டாவது கேள்வி அணு உலையைப் பற்றியது. முதல் கேள்விக்கு வந்தவரிடம் பதில் கிடையாது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அக்கரைப் படகுகள் வருகின்றன, இக்கரை வலைகள் அறுபடுகின்றன. தலையைக் குனிந்துகொள்வதைத் தவிர வழியில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் உண்டு, கொஞ்சம் நீளமானது.

கூடங்குளத்தின் கதையை இக்கடிதம் போய்ச் சேரும் ஊர்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்தவர்களும், போராட்டக்காரர்கள் மீது போலீஸ் பாய்ந்த 2012 செப்டம்பர் 10ஆம் தேதியை மறக்காதவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. இக்கரையில் அதே செய்தி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. புகுஷிமா விபத்து நடந்த மறு ஆண்டே, அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளம் குறித்த கவலையைச் சர்வதேச அணுசக்தி முகமை வரை கொண்டுபோவதாகப் பேசினார். 2015 பிப்ரவரியில் டெல்லியில் இரு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இலங்கைக் கரையோரத்தில் காற்றிலுள்ள கதிர்வீச்சை இடைவிடாமல் அளக்கும் எச்சரிக்கைக் கருவிகளும் வைக்கப்பட்டன. அவை காற்றை அளப்பவை. சனங்கள் கேட்பதோ மீனைப் பற்றி.

வல்வையில் அந்தக் கேள்வி கூழோடு சேர்ந்து வந்தது. யாழ்ப்பாணத்துக் கூழைக் கேழ்வரகுக் கூழ் என்று எண்ணி மோரும் வெங்காயமும் எதிர்பார்த்து உட்காருபவர் நன்றாக ஏமாறுவார். பனங்கிழங்கை அவிக்காமல் கீறிக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவு கசக்கும். கசப்புப் போக மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மறுபடி ஊறவிட்டு வடிக்கிறார்கள். முற்றத்தில் மூன்று கல் வைத்து ஏற்றிய பெரிய பானையில் மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், ஒரு பிடி அரிசி. அவை அரைவேக்காடு ஆனதும் மீன் தலை, நண்டு, இறால், கணவாய் என்று அன்றைக்குக் கரைக்கு வந்தது எல்லாம் உள்ளே போகிறது. பிறகு புளி, அரைத்த செத்தல் மிளகாய், முருங்கையிலை, கடைசியில் ஒடியல் மாக்கரைசல். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் குடிக்க வேண்டும். மிளகாயின் அளவில் இந்த ஊர் யாருக்கும் சலுகை தருவதில்லை. கண்ணில் நீர் வழியும் விருந்தாளியைப் பார்த்து வீட்டார் சிரிப்பது உபசாரத்தின் ஒரு பகுதி.

"உங்கட கூடங்குளத்துத் தண்ணி இஞ்சாலையும் வருமோ தம்பி?" என்று கேட்ட ஆச்சியின் கை அகப்பையை நிறுத்தவில்லை. டொரண்டோவில் இருக்கும் மகள் கடல் மீன் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஏதோ படம் அனுப்பியிருக்கிறாளாம். பசிபிக் கடல் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகப் பரவியிருக்கும் படம். 2011 முதல் ஊர் ஊராகச் சுற்றும் அந்த வண்ணப் படம் உண்மையில் சுனாமி அலையின் உயரத்தைக் காட்டுவது. கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆச்சியின் பானைக்குள் கதிரியக்கம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கூடங்குளத்துக்கு அடிக்கல் போடும் முன்பும் இருந்தது. ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். இயற்கைப் பொட்டாசியம் எதுவாக இருந்தாலும் அதில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40. ஒரு கிராம் பொட்டாசியத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. பலாக்கொட்டையிலும் மரவள்ளியிலும் பொட்டாசியம் தாராளம். ஒரு லிட்டர் கடல்நீரில் இதனால் மட்டும் 12 பெக்கரல் அளவுக்கு உண்டு. கூழ் குடிப்பவரின் உடம்பிலேயே ஏறத்தாழ 4,000 பெக்கரல் இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடுவதால், இரண்டு பிளா அதிகம் குடித்தாலும் இந்த எண் ஏறாது.

கடலுணவைப் பொறுத்தவரை பெரிய ஆள் பொட்டாசியம் அல்ல, பொலோனியம்-210. இதுவும் இயற்கைதான், யுரேனியம் படிப்படியாகச் சிதையும் வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னால் வருவது. மிதவை உயிரிகள் அதை நீரிலிருந்து திரட்டுகின்றன, அவற்றைத் தின்னும் இறாலிலும் சிறு மீனிலும் அது சேர்கிறது. உடம்புக்குள் அது உட்காரும் இடம் குடலும் ஈரலும், சதையில் குறைவு. ஆகவே தலையும் குடலும் நீக்காமல் பொரித்த நெத்தலியில், துண்டு போட்ட அறக்குளா மீனில் இருப்பதைவிட அதிகம் இருக்கும். நண்டு ஓட்டைத் திறந்ததும் உள்ளே தெரியும் மஞ்சள் கொழுப்பு, விருந்தாளிக்கென்று ஆச்சி எடுத்துப் போடும் அந்தப் பகுதி, நண்டின் ஈரல்தான். மீன் அதிகம் உண்ணும் ஜப்பானில் இயற்கைக் கதிரியக்கத்தால் உணவு வழியாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சேரும் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிசீவர்ட் (உடம்புக்கு உண்டாகும் கதிர்வீச்சுப் பாதிப்பை அளக்கும் அலகு). அதில் ஐந்தில் நான்கு பங்கு இந்தப் பொலோனியமும் அதன் தாய்த் தனிமமான ஈயம்-210உம் தருவது. எல்லா வழிகளிலும் சேர்த்து இயற்கையிலிருந்து உலக மனிதருக்குக் கிடைக்கும் சராசரி 2.4 மில்லிசீவர்ட். தலைமுறை தலைமுறையாக மீன் தின்ற கரையோர மக்கள் இதோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள். பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள் என்பதால், தையில் காயவைத்த கருவாட்டில் மார்கழிக்குள் பெரும்பகுதி போய்விடும். கருவாட்டுப் பிரியர்கள் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது.

மனிதர் கடலில் சேர்த்தது தனிக் கணக்கு. அதில் முக்கியமானது சீசியம்-137, அரை ஆயுள் 30 ஆண்டு. அணுகுண்டுச் சோதனைகள் வானில் நடந்த 1945 முதல் 1980 வரையான காலத்தில் உலகின் எல்லாக் கடல்களிலும் இது விழுந்தது. அதன் மிச்சம் இன்றும் இந்தியப் பெருங்கடலில் ஆயிரம் லிட்டருக்கு ஒன்றிரண்டு பெக்கரல் என்ற அளவில் உண்டு. அதே ஆயிரம் லிட்டரில் பொட்டாசியத்தால் வருவது 12,000. சீசியம் வேதியியலில் பொட்டாசியத்தின் தம்பி. அண்ணன் போகும் வழியில் போய் மீனின் சதையில் சேரும். கடலில் அண்ணன் ஏராளமாக இருப்பதால் தம்பிக்கு இடம் குறைவு. ஏரி மீனில் சீசியம் கூடுதலாகச் சேர்வதற்குக் காரணம் நன்னீரில் பொட்டாசியம் குறைவு என்பதே. சுத்தமான நீருக்குப் போன கடல் மீனிலிருந்து சில மாதங்களில் அது பெருமளவு கழிந்துவிடும்.

2011 ஆகஸ்டில் கலிபோர்னியாக் கரையில் பிடிபட்ட சூரை மீன்களில் புகுஷிமாச் சீசியம் கண்டறியப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் பதறின. உலர்ந்த சதையில் கிலோவுக்குச் சீசியம் மொத்தம் பத்துப் பெக்கரல். அதே சதையில் பொட்டாசியம்-40 முந்நூறுக்கும் மேல். அதை உண்பவருக்குப் பொலோனியத்தால் சேர்வது சீசியத்தால் சேர்வதைப் போலப் பல நூறு மடங்கு என்று பிறகு கணக்கிட்டார்கள். அதற்காக அச்சமே வீண் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டியதில்லை. 2023 மே மாதம் புகுஷிமா உலையின் துறைமுக அடைப்புக்குள் பிடிபட்ட ஒரு பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் சீசியம் இருந்தது. ஜப்பானில் உணவுக்கான வரம்பு 100. உலையின் வாசலில் கிடக்கும் மீன் வேறு, பெருங்கடலைக் கடந்து வந்த மீன் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் போட்டு டொரண்டோவுக்கு அனுப்புகிறவர்கள் செய்யும் தீமை சின்னதல்ல.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆச்சி கூழுக்குப் பின் பால்மாத் தேத்தண்ணி கொடுத்தார், அதைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாமல். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு இலங்கைக்குள் வரும் பால்மாவைக் கதிரியக்கச் சோதனைக்கு உட்படுத்தும் வழக்கம் வந்தது. கொழும்பு ஒறுகொடவத்தையில் உள்ள அணுசக்திச் சபை இந்தச் சோதனைகளைச் செய்கிறது. சோதனை முடிந்து பெட்டியில் வருவதை ஆச்சி கேள்வி கேட்பதில்லை. எதிரே கரையேறி, ஏலம் கூறி விற்று, துள்ளிக்கொண்டே வீட்டுக்கு வரும் மீனுக்குச் சான்றிதழ் கிடையாது. கேள்வி அதன் மேல்தான் விழுகிறது.

தண்ணீர் வருமா என்ற கேள்விக்கு ஊர்க்காரர்களே பாதிப் பதில் வைத்திருக்கிறார்கள். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. காற்றும் நீரோட்டமும் இவர்களுக்குப் பாடம் அல்ல, பழக்கம். கூடங்குளம் மன்னார் வளைகுடாவின் வாயில் இருக்கிறது. அங்கிருந்து பாக்கு நீரிணைக்கு நேர்வழியில் வர இராமர் அணையின் மணல் திட்டுகளைத் தாண்ட வேண்டும். அங்கே பல இடங்களில் ஆள் நிற்கும் ஆழம்தான். தென்மேற்குப் பருவக்காற்றான சோழகம் வீசும் காலத்தில் தென்கடலின் பெரிய ஓட்டம் தீவின் தெற்கைச் சுற்றிக் கிழக்கே போய்விடுகிறது. வாடைக் காலத்தில் நிலைமை வேறு. அப்போது சோழமண்டலக் கரையை ஒட்டி ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. வல்வெட்டித்துறைக்கு நேர் வடக்கே, ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில், 300 கிலோமீட்டரில் இருப்பது கல்பாக்கம் அணுமின் நிலையம். கூடங்குளத்தைவிடச் சற்றுக் கிட்ட. முப்பது ஆண்டு மூத்தது. 1983இலேயே இயங்கத் தொடங்கியது. அதைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊர் இருக்கும் வடமராட்சிக் கரையை அழித்த அதே அலை கல்பாக்கத்தின் கடல்நீர் ஏற்றும் அறைக்குள்ளும் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை அன்று பாதுகாப்பாக நிறுத்தினார்கள். போராட்டம் நடந்த ஊரின் பெயர் மனதில் நிற்கிறது, நடக்காத ஊரின் பெயர் நிற்பதில்லை.

ஒழுங்காக ஓடும் உலையிலிருந்து கடலுக்குப் போவது பெரும்பாலும் சூடான நீரும், வரம்புக்குட்பட்ட அளவில் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிடியமும். டிரிடியம் தண்ணீராகவே இருப்பது, மீனில் பெரிதாகத் திரள்வதில்லை, மனித உடம்பிலிருந்து பாதி பத்து நாளில் போய்விடும். புகுஷிமாவில் 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடப்படுவதும் முக்கியமாக அதுதான். லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே நீர்க்கவைத்து, ஆண்டுக்கு 22 இலட்சம் கோடி பெக்கரல் என்ற உச்சவரம்போடு, முப்பது ஆண்டு போல. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு 10,000. ஆனாலும் சீனா அன்றைக்கே ஜப்பான் கடலுணவை நிறுத்தியது. ஒரு வாரத்துக்குள் ஜப்பான் பிரதமர் கிஷிதா புகுஷிமா மீனைக் காமெராவுக்கு முன்னால் தின்று காட்டினார். இலங்கைக்கு இது புதிதல்ல. 2020இல் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவியதாகச் செய்தி வந்து மீன் விலை விழுந்தபோது, முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி பத்திரிகையாளர் முன் பச்சை மீனைக் கடித்தார். அடுத்த ஆண்டு கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியதும் மறுபடி மீன் தேங்கியது. அரசியல்வாதி கடிக்கும் மீனைப் பார்த்து யாருக்கும் பசி வந்ததாகத் தெரியவில்லை. மீன் ஏலம் கூறும் இடத்தில், அன்றன்றைய மீனில் எத்தனை பெக்கரல் என்று தமிழில் ஒரு பலகை எழுதி வைத்தால் அதைவிட மலிவாக முடியும்.

விபத்து என்று ஒன்று நடந்தால் செய்தி வரும் வழி எழுத்தில் இருக்கிறது. 1986இல் வியன்னாவில் செய்த முன்னறிவிப்பு உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. இந்தியா வியன்னாவுக்கும் அண்டை நாட்டுக்கும் சொல்லும், கொழும்பு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு)ச் சொல்லும், கச்சேரி கிராம சேவகருக்குச் சொல்லும். முதல் நாட்களில் கவனிக்க வேண்டியது அயோடின்-131; அதன் அரை ஆயுள் எட்டு நாள், ஆகவே சில வாரம் தொழிலை நிறுத்தி மீனைச் சோதித்தால் அந்தப் பகுதி ஆபத்து கடந்துவிடும். சீசியத்துக்கு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் அளக்க வேண்டியிருக்கும். தொழிலுக்குப் போன வள்ளத்துக்கு யார் சொல்வது என்று வல்வைக்காரர் ஒருவர் கேட்டார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கைத்தொலைபேசி வேலை செய்யாது, சின்ன வள்ளங்கள் பலவற்றில் வானொலிக் கருவியும் கிடையாது.