முறைக்காய்ச்சலும் எதிருயிரி மருந்தும்

ஒரு சொல் நம் மொழிக்குள் வந்து சேரும்போது அதனோடு ஒரு கருத்தும் வந்து சேர்கிறது. 'ஆண்டிபயாடிக்' என்னும் மருந்தினத்துக்கு 'எதிருயிரி', 'உயிர் எதிர்ப்பி', 'நுண்ணுயிர்க்கொல்லி' எனத் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் இறுதிப் பெயரைக் கேட்போர், எக்கிருமியையும் கண்டவுடன் கொன்று தீர்க்கும் படைக்கலம் இது என்று எண்ணிக்கொள்கின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா நமக்கு நன்கு உணர்த்துகிறது.

நம் துறையில் இளங்கலை முடித்த மாணவர் ஒருவர், மொசாம்பிக் நாட்டில் ஆறு மாத ஒப்பந்தப் பணிக்குப் புறப்படுமுன் விடைபெற வந்தார். மருத்துவர் எழுதித் தந்திருந்த டாக்சிசைக்ளின் அட்டைகளைக் காட்டி, "ஐயா, முன்பு முகப்பருவுக்கு எனக்குத் தந்ததும் இதே மருந்துதான். பருவுக்கும் மலேரியாவுக்கும் ஒரே மாத்திரை எப்படிப் பொருந்தும்?" என்று வினவினார். அவருடைய காக்கா அதே நாட்டில் பணி முடித்துத் திரும்பியபோது, 'ஊர் வந்து சேர்ந்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?' என்று நிறுத்திவிட்டாராம். பன்னிரண்டாம் நாள் குளிரும் நடுக்கமும் கண்டன. 'எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?' என்று மருத்துவர் முதலில் கேட்டதனாலேயே உடனே இரத்தச் சோதனை நடந்து, அவர் உயிர் பிழைத்திருக்கிறார். "ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் விழுங்க வேண்டும் என்கிறார்கள். உம்மாவுக்கு அதுதான் ஐயா கவலை; காரணம் தெரிந்தால் நான் விடமாட்டேன்" என்றார் அம்மாணவர். அவ்விரு வினாக்களுக்கும் விடையாக, அறிந்தோரிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெளிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

மலேரியா பாக்டீரியாவால் வருவதன்று. 1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவரான், நோயுற்ற வீரர் ஒருவரின் குருதியில் அசைந்து திரியும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டறிந்தார். பிளாஸ்மோடியம் எனப்படும் இவ்வொட்டுண்ணி, பாக்டீரியாவினும் மிகுந்த சிக்கலான அமைப்புடைய ஒரு செல் உயிரி. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது. அத்தகைய சுவரே இல்லாத மலேரியா ஒட்டுண்ணியிடம் அது பயனற்றுப் போகிறது. அவ்வாறாயின் டாக்சிசைக்ளின் மட்டும் எங்ஙனம் பயன்படுகிறது?

இதற்கான விடை கதையினும் வியப்பானது. மிகப் பழங்காலத்தில் இவ்வொட்டுண்ணியின் மூதாதையான ஓருயிர், ஒரு சிவப்புப் பாசியை விழுங்கிற்று. விழுங்கப்பட்ட பாசி செரித்துப் போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அப்பாசிக்குள் இருந்த கணிகமோ, அதற்கும் முன்பு தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல். அதன் எச்சம் இன்றும் நான்கு சவ்வுகள் சூழ மலேரியா ஒட்டுண்ணிக்குள் உறைகிறது. 'ஏபிகோபிளாஸ்ட்' என்று பெயர் பெற்ற இவ்வுறுப்பின் தோற்றத்தை 1990களில் அறிஞர்கள் தெளிவுறுத்தினர். ஒளியைக் கொண்டு உணவாக்கும் திறனை அது இழந்துவிட்டது. எனினும் ஒட்டுண்ணி உயிர்வாழ இன்றியமையாத சில வேதிப்பொருள்களை அதுவே ஆக்கித் தருகிறது. இவற்றுள் ஐசோபிரினாய்டுகளுக்கான மூலப்பொருளை வெளியிலிருந்து கொடுத்தால், குருதியில் வாழும் ஒட்டுண்ணி இவ்வுறுப்பு இன்றியே பிழைக்கும் என்பதைக் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வர்கள் 2011இல் மெய்ப்பித்தனர். இவ்வுறுப்பில் புரதம் ஆக்கும் ரைபோசோம் என்னும் பட்டறை பாக்டீரியாவினுடையதை ஒத்தது. டாக்சிசைக்ளின் தாக்குவது அப்பட்டறையையே. பருவை வளர்க்கும் பாக்டீரியாவுக்கும் மலேரியா ஒட்டுண்ணிக்கும் இடையே இத்தகைய தொல்லுறவு ஒன்று இருத்தலால்தான் ஒரே மாத்திரை இரண்டுக்கும் பொருந்துகிறது.

இரண்டாம் வினாவுக்கும் இதனுள்ளேயே விடை இருக்கிறது. மருந்து உட்புகுந்த அக்கணமே ஒட்டுண்ணி மடிவதில்லை. கொடிய வகையாகிய பால்சிபேரம், குருதிச் செல்லுக்குள் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பல்கிப் பெருகுகிறது. மருந்துண்ட தலைமுறை தன் பணியை முடித்துப் பிள்ளைகளை ஈன்றுவிடுகிறது. பழுதுற்ற உறுப்பைப் பெற்றுப் பிறந்த அப்பிள்ளைகளே வளர மாட்டாமல் அழிகின்றன. ஆய்வுலகம் இதனைத் 'தாமத மரணம்' என்று குறிக்கிறது. ஆகவே காய்ச்சல் வந்தபின் டாக்சிசைக்ளினைத் தனித்துக் கொடுத்தல் தகாது. விரைந்து கொல்லும் குயினைன் அல்லது ஆர்ட்டிசுனேட்டுடன் துணை மருந்தாக ஏழு நாள் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. டாக்சிசைக்ளின் ஆகாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் என்னும் மற்றோர் எதிருயிரி துணையாகிறது.

நோய்த்தடுப்புக்கு வயது வந்தோர் நாள்தோறும் 100 மில்லிகிராம் உட்கொள்வர். பயணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்குத் தங்கும் நாளெல்லாம் எடுத்து, அவ்விடம் நீங்கிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். கொசு கடித்தவுடன் ஒட்டுண்ணி கல்லீரலுக்குள் புகுந்து பல நாள் மறைந்து வளர்கிறது. அதன் பின்னரே குருதிக்கு வருகிறது. விமானம் ஏறும் நாளில் கடித்த கொசுவின் விதை, ஊர் வந்து சேர்ந்த பின் முளைக்கக் கூடும். அது வெளிப்படுங்கால் குருதியில் மருந்து காத்திருத்தல் வேண்டும். காக்காவுக்கு நேர்ந்த துன்பத்தின் காரணமும் இதுவே. கருவுற்றோரும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தடுப்புக்காக இம்மருந்தைக் கொள்ளலாகாது. வெயிலில் தோல் எளிதில் கருகும். மாத்திரையை நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் நலம்.

இத்துறையில் ஆய்வு ஓயவில்லை. எலிகளுக்கு ஒட்டுண்ணியைச் செலுத்தும்போதே எதிருயிரியும் கொடுத்தால், கல்லீரலில் வளர்ந்த ஒட்டுண்ணி குருதியைத் தாக்கும் வலிமை இழப்பதும், அந்த எலிகள் பின்னர் நோயெதிர்ப்பு பெறுவதும் 2010இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில் கண்டறியப்பட்டன. ஆயினும் எல்லா நம்பிக்கையும் கைகூடவில்லை. புர்கினா பாசோ, மாலி நாடுகளில் மழைக்காலத் தடுப்பு மருந்தோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் குழந்தைகளுக்குத் தந்து பார்த்தனர். இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ அதனால் குறையவில்லை என 2019இல் முடிவு வெளிவந்தது. கூடுதலாகக் கொடுத்த மருந்தெல்லாம் கூடுதல் பயன் தருவதில்லை என்னும் உண்மையை ஆய்வுலகம் தன் தோல்வியையும் மறையாது எழுதிக் காட்டியது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தால் எஞ்சியதை அலமாரியில் இட்டு, அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. எதிருயிரிகள் தேவையின்றிப் புழங்கப் புழங்கப் பாக்டீரியாக்கள் அவற்றை வெல்லக் கற்கின்றன. மலேரியாவுக்கும், எலிக்காய்ச்சலுக்கும், வேறு பல நோய்களுக்கும் உதவும் இம்மருந்து தனியொருவரின் உடைமையன்று. வருங்காலத் தலைமுறைக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வேண்டியபோது முழுதும் உண்பதும், வேண்டாதபோது தொடாதிருப்பதும் அதனைக் காக்கும் வழிகளாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கையும் ஒருங்கே வைத்து எண்ணுகிறார். அந்நால்வகையில் நோயாளிக்கும் ஓரிடம் தந்தமை நம் கருத்துக்குரியது. ஒட்டுண்ணிக்குள் உறையும் ஒரு பழம்பாசியைக் கண்டறிதல் அறிஞர் கடமை. அளவறிந்து தருதல் மருத்துவர் கடமை. இறுதி மாத்திரை வரை தவறாது உண்ணுதல் உண்பவர் கடமை. கடல் கடந்து பொருளீட்டச் செல்லும் நம் பிள்ளைகள் இக்கடமையை மறவாதிருப்பார்களாக! திரும்பி வந்த மகன் நலமாகத் தோன்றினும், 'இன்றைய மாத்திரை போட்டாயா?' என்று பெற்றோர் நான்கு வாரமும் கேட்பார்களாக! காய்ச்சல் கண்டால் மருத்துவர் கேட்கும் முன்பே, எந்நாட்டிலிருந்து வந்தோம் என்பதை முதலில் சொல்வார்களாக!