மட்டாஞ்சேரியில் ஒரு பரதேசி

சனிக்கிழமை போனதுதான் தப்பு. யூதர்களுக்கு ஓய்வு நாள் சனிக்கிழமை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாரத்தில் ஐந்து நாளை ஆய்வுக்கூடத்தில் கழிக்கிற மாணவனுக்கு, லீவு நாள் என்றால் மூளைக்கும் சேர்த்துத்தான் லீவு.

கொச்சியில் கடல்வாழ் உயிரியல் படிக்க வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மட்டாஞ்சேரியை மட்டும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது தள்ள முடியாது. லிஸ்பனில் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு இடம் தந்திருக்கிறது. உதவித்தொகை பாதிதான், மீதிக்கு பாங்கில் கடன் வாங்க வேண்டும், அதற்கு விருதுநகர் வீட்டுப் பத்திரம் வேண்டும். பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம்தான். மளிகை மொத்த வியாபாரக் கடையில் முப்பது வருடம் கணக்கெழுதிய அப்பா போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா, இருக்கிற இடத்தை விட்டுட்டுப் பரதேசியாத் திரியணுமா?"

அந்தச் சொல் மனதில் அரித்துக்கொண்டே இருக்க, களமசேரியிலிருந்து மெட்ரோ ரயில், ஹைகோர்ட் துறையிலிருந்து படகு. 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, அடுத்த வருடம் ஃபோர்ட் கொச்சி வரை நீண்டது. பாட்டரியில் ஓடுகிற படகு. சத்தமில்லை, டீசல் நாற்றமில்லை. ஜன்னலுக்கு வெளியே வில்லிங்டன் தீவு தெரிகிறது. துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில எஞ்சினீயர் உருவாக்கிய தீவு. கொச்சியே ஒருவகையில் வெள்ளம் செய்த ஊர்தான். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம், நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறையை மண்மூடச் செய்துவிட்டுக் கொச்சிக்கு வாய் திறந்துவிட்டது என்பார்கள். வாய் திறந்த பிறகு யார்தான் வரவில்லை! 1500இல் போர்த்துகீசியர், 1663இல் டச்சுக்காரர்கள், 1795இல் ஆங்கிலேயர்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, சுற்றுலாக்காரர்கள் போகிற சீன வலைப் பக்கம் போகாமல் கல்வத்தி வழியே பஜார் ரோட்டில் நடந்தேன். பழைய கிடங்குகள். சில பூட்டிக் கிடக்கின்றன, சில ஓவியக் கூடங்களாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவிட்டன. 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே கண்காட்சியின் உபயம். ஆனாலும் நாலைந்து கதவுகளுக்கு ஒரு கதவு இன்னும் பழைய தொழிலிலேயே இருக்கிறது. சுக்கு, மிளகு, ஏலம், அரிசி மூட்டைகள். வாசலைத் தாண்டும்போது சுக்கு நெடி தும்மலை வரவழைக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டையில் அடிக்கும் வாசனை இதுதான். தெருவில் நின்று ஒரு நிமிடம் மோந்துகொண்டிருந்தேன். சுமை தூக்குகிற ஒருவர் வழிவிடச் சொல்லி அதட்டினார்.

மட்டாஞ்சேரி அரண்மனையை எல்லோரும் டச்சு அரண்மனை என்கிறார்கள். கட்டியது டச்சுக்காரர்கள் அல்ல. 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி அரசர் வீரகேரள வர்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. கோயிலைக் கொள்ளையடித்ததற்குப் பிராயச்சித்தம் என்று ஒரு பேச்சு உண்டு. டச்சுக்காரர்கள் பின்னால் வந்து செப்பனிட்டார்கள். பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே பார்த்தால் வெள்ளையடித்த பழைய தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும். உள்ளே அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுதும் செம்மண்ணிலும் பச்சையிலும் விரிகிறது. கண் பழக நேரம் பிடிக்கிறது. ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்ததால் அனுமாரைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அரண்மனைக் கோயிலை ஒட்டினாற்போலவே யூத ஜெபாலயம். நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பக்கமும் கைவினைக் கடைகள் நெருக்கும் யூதத் தெரு, ஒரு மணிக்கூண்டின் அடியில் போய் முடிகிறது. கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை விடுமுறை என்றும், ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறக்கும் என்றும் பலகை சொன்னது. உள்ளே இருக்கிற சீனத்துத் தரை ஓடுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்காதாம். நூற்றுக்கணக்கான நீல, வெள்ளை ஓடுகள். எனக்குக் கிடைத்தது கதவுதான்.

கதவோடு நின்றதில் ஒன்று புரிந்தது. ஓய்வு நாளுக்காகப் பூட்டியிருக்கிறார்கள். ஓய்வு நாள் வழிபாட்டுக்கு ஆள் இல்லை. யூத முறைப்படி கூட்டு வழிபாடு நடத்த வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இந்தத் தெருவில் அந்தப் பத்துப் பேர் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. 1948இல் இஸ்ரேல் பிறந்த பிறகு கொச்சி வட்டாரத்தின் இரண்டாயிரத்துச் சொச்சம் யூதர்களும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இலும், குவீனி ஹலேகுவா 2024இலும் காலமானார்கள். ஒரே ஆள் மிஞ்சிய சமூகத்துக்காக வாரா வாரம் கதவைச் சாத்துகிறார்கள். எனக்கு ஏமாற்றம் இருந்தாலும் கோபம் வரவில்லை.

கட்டடத்தின் பெயரை அப்போதுதான் உற்றுப் படித்தேன்: பரதேசி சினகாக். மலையாளத்தில் பரதேசி என்றால் வெளிநாட்டுக்காரன், அவ்வளவுதான். திட்டு இல்லை. ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களும், வேறு தேசங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் 1568இல் கட்டியது. நாங்கள் வந்தேறிகள் என்று வாசலில் எழுதிவைத்துக்கொண்டு நானூற்றைம்பது வருடம் இருந்திருக்கிறார்கள். 1968இல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். இவர்களுக்கும் வெகு முன்பே கேரளத்தில் வேர்விட்ட யூதர்கள் உண்டு. சுமார் 1000ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேடு உள்ளே பத்திரமாக இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் நாம் பார்ப்பதுதான்.

வந்தவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு இந்த ஜெபாலயத்தின் பெஞ்சுகளில் இடமில்லை. சென்னையில் படித்து வக்கீலாகித் திரும்பிய ஏ.பி. சேலம் அந்தப் பரம்பரையில் வந்தவர். சத்தியாகிரகம் செய்தார், ஜெபாலயத்தைப் புறக்கணித்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று பெயர் வாங்கியவர் 1967இல் இங்கேயேதான் மறைந்தார். தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியூருக்குப் படிக்கப் போனவன் திரும்பி வந்து சொந்த வாசலில் சண்டை போடுவது எனக்குப் பிடித்திருந்தது.

இதே தெருவில்தான் மிளகுக்கென்று 1957இல் தொடங்கிய முன்பேர வர்த்தகச் சந்தை. ஒரு காலத்தில் தரகர்கள் கூண்டுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்திய இடம். பிறகு கணினி வந்து கத்தலை நிறுத்திவிட்டது.

மதியம் ரஹ்மத்துல்லா ஹோட்டலில் பிரியாணி. காயிக்கா கடை என்று கேட்டால்தான் வழி சொல்கிறார்கள். அதைப்பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

திரும்பும் வழியில், ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் இருக்கிற சலவைத் துறையை எட்டிப் பார்த்தேன். தோபிகானா என்பார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டிவந்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், இவர்கள் போகவில்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது. வரிசை வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். உள்ளே ஒரு பெரியவர் கரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி தமிழா?"

"ஆமாங்கய்யா. விருதுநகர்."

"நமக்கும் திருநெல்வேலிப் பக்கந்தான்."

"எப்ப வந்தீங்க?"

"நான் எங்கடே வந்தேன்? இங்கதான் பொறந்தேன். எங்க தாத்தாவும் இங்கதான்." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கோயில் கொடைக்கு ஒருதரம் ஊருக்குப் போனேன். அங்க மலையாளத்தான்னு சொல்லுதான். இங்க பாண்டிங்கான். ரெண்டும் நாந்தான்."

லிஸ்பனைப் பற்றிச் சொன்னேன். போர்த்துகீசியர் ஊர் என்றதும் தலையாட்டினார்.

"அங்க துணி யாரு தொவைப்பா?"

"மெஷின்தான்."

"மெஷின் கஞ்சி போடுமா?"

போடாது என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கு அதில் ரொம்பத் திருப்தி.

சாயங்காலப் படகில் அப்பாவிடமிருந்து போன்.

"எங்கப்பா இருக்கே?"

"மட்டாஞ்சேரிக்குப் போயிட்டு வர்றேன்பா."

"மிளகு என்ன விலை போகுது?"

"கேக்கலைப்பா."

"கொச்சிக்காரன் கடைத்தெருவுக்குப் போயிட்டு மிளகு விலை கேக்காம வந்திருக்கே." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி. பத்திரத்தை எடுத்து வெச்சிருக்கேன். திங்கக்கிழமை பாங்குக்கு நீயும் வரணுமாம். ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிரு."

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் கதவு திறக்கும்போது நான் விருதுநகரில் இருப்பேன்.