கார்லூ மடுவில் நீராட்டு

யாழ்ப்பாணம் வற்றாத ஆறில்லா நிலம். அங்குப் பிறந்து கீரிமலைக் கேணியில் நீந்தக் கற்ற முதியவரொருவர், ஆடியமாவாசைதோறும் தம் தந்தையார்க்குரிய கடனை அக்கேணியிலேயே ஆற்றிவந்தார். 1990ஆம் ஆண்டுப் போரில் அப்பகுதி மக்கள் ஊர்பெயர்ந்தனர். கேணி பல்லாண்டு எட்டாததாயிற்று. வழி திறந்த காலத்து அவர் கடல்கடந்து சிட்னி நகரிலே மகள் மனையிலிருந்தார். அந்நாட்டில் ஆடி கடுங்குளிர்க் காலம், தையே வேனில். ஆதலின் ஒரு தையமாவாசையன்று பேரனை உடன்கொண்டு, ஹீத்கோட் நிலையத்தில் இரயிலை விட்டிறங்கிக் காட்டுவழி நடந்தார்.

அக்காடு 1879ஆம் ஆண்டிலே அரசினராற் காப்புவனமாக்கப்பெற்றது; அதற்கு நெடுங்காலம் முன்னரே தாரவல் என்னும் பழங்குடியினர்க்கு உரியது. மணற்பாறைகளினூடே வழி இறங்கிச் செல்கின்றது. வெண்பட்டை மரங்கள் சிலவற்றிற் கிறுக்கெழுத்துப்போலும் கோடுகள் கண்டு, "இவை யார் எழுதினவை?" என்றார் முதியவர். "அம்மப்பா, பட்டைக்குள்ளே புழு ஊர்ந்த தடம் இது, பழம்பட்டை உரிந்தாற்றான் தெரியும்," என்றான், பள்ளியிற் கற்ற பேரன். கருகிய அடிமரங்களும் ஆங்காங்கே நின்றன. 1994 சனவரியில் எழுந்த பெருந்தீ இவ்வனத்தின் பெரும்பகுதியை உண்டது. பாங்சியா மரவகை சிலவற்றின் வன்காய்கள் அத்தகு வெம்மையாலேயே வாய்திறந்து வித்துதிர்ப்பன என்ப. அழித்தலை இளைப்பாற்றலென்று கற்ற முதியவர் அக்காயொன்றை நெடிது நோக்கிநின்றார். பேரனுக்கோ நீர்காணும் விரைவு.

கங்காரு ஓடையிலுள்ளது கார்லூ மடு. பாறைசூழ்ந்து பசுமையாய்க் கிடந்த அதனைக் கண்டவுடன் பேரன் பாறைமேலேறித் தலைகீழாய்க் குதிக்க முற்பட்டான். முதியவர் உரத்துத் தடுத்தார். நீரடிக் கல்லும் மரத்துண்டும் மேலிருப்பார்க்குப் புலப்படா. கழுத்து முறிந்தோர் எத்தனையோ பேர். இருவரும் காலால் ஆழம் பார்த்தே இறங்கினர். வேனிலாயினும் நீர் எலும்பைத் தொட்டது.

இடுப்பளவு நீரில் முதியவர் தயங்கினார். தலமில்லை, கோயிலில்லை என்பதன்று தயக்கம். இறைவன் இல்லாத நீர் யாது? பிறர் முன்னோர் ஆண்டாண்டு நீராடிய நீரில், தம் முன்னோரை அழைத்தல் முறையோ என்பதே. ஆகவே அந்நிலத்துப் பெயரறியா முதியோரை நோக்கி முன்னர்க் கைகூப்பினார். வனத்தில் யாதொன்றும் விட்டுவரலாகாதென்பது விதியாதலின், எள்ளும் தருப்பையும் வீட்டிலேயே நின்றன. சாத்திரம் வல்லார் குறையென்பர், குறையே யாகுக. ஐந்தெழுத்தை ஓதி, இருகையும் நீரள்ளித் தந்தை, பாட்டன், பூட்டன் எனும் மூவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி நீரிலேயே விடுத்தார்.

நீந்திக்கொண்டிருந்த பேரன் அருகில் வந்து, "யாரைக் கூப்பிட்டீங்கள், அம்மப்பா?" என்றான். பதின்மூன்றாண்டு நிரம்பிய அவன் அப்பெயர்களை அன்றே முதன்முறை கேட்டான். அது பேரன் குற்றமன்று என்பதை முதியவர் அந்நீரில் நின்றே உணர்ந்தார்.

மீளும் ஏற்றத்திலே மூச்சுவாங்க நின்றபோதெல்லாம் அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பேரன் திருப்பிச் சொல்லிவந்தான். பூட்டனார் பெயரிலுள்ள ழகரம் மட்டும் நிலையம் சேருமளவும் அவன் நாவிற் படியவில்லை.