முதற் பந்தியும் பச்சை விளக்கும்

"எல்லாம் சரி" என்று ஒரு யந்திரம் பச்சை விளக்குக் காட்டினால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? சென்ற ஆண்டு நம் பள்ளியின் மார்க்கு ஜாபிதாவைக் கணினியில் அமைத்துத் தந்தவர்கள், 1200 மாணவர்களின் வரிகளையும் யந்திரமே பரீட்சித்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாளே எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி கண்ணீருடன் வந்து நின்றாள். கணக்கில் 78 வாங்கியவளின் பெயருக்கு நேரே 18 என்று இருந்தது.

இத்தகைய அட்டவணைகள் எல்லா வரிகளையும் ஒருங்கே வரைவதில்லை. வரைந்தால் பிரௌஸர் திணறிப்போகும். திரையில் அடங்கும் முப்பது, நாற்பது வரிகளையே வரைந்துகொண்டு, நாம் உருட்ட உருட்ட, மேலே மறைந்த வரியை எடுத்துக் கீழே வேறு பெயரிட்டு வைக்கின்றன. கலியாண வீட்டுப் பந்தியைப் போலத்தான். இடம் ஐம்பது பேருக்கு, உண்பவர் ஆயிரம். பந்தி மாறுகையில் பழைய இலையை எடுக்க மறந்தால்? அந்தப் பெண்ணின் வரியில் அதுதான் ஆயிற்று. முன்பு அவ்வரியில் இருந்த யாரோ ஒரு பையனின் மார்க்கு அழியாமல் நின்றுவிட்டது.

பரீட்சித்த யந்திரமோ முதற் பந்தியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது!

2004-ல் சிக்காகோ நகரில் ஜேஸன் ஹக்கின்ஸ் என்பவர் தொடங்கிய செலீனியம் போன்ற கருவிகள், மனிதரைப் போலவே பிரௌஸரைத் திறந்து, பொத்தானை அழுத்தி, எழுத்தைப் படிக்கும். ஆயினும் அந்தக் கணத்தில் பக்கத்தில் உள்ளதைத்தான் அவை காணும். இன்னும் வரையப்படாத வரியை எங்ஙனம் காணும்? ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தை உருட்டினாலோ, பிடித்தது வேறொருவருடையதாக மாறியிருக்கும்.

ஆகவே சிறிது சிறிதாக உருட்டச் சொல்ல வேண்டும். திரையில் எத்தனையாவது இடம் என்பதைப் பாராமல், மாணவரின் சேர்க்கை எண்ணைக் கொண்டே வரியை அடையாளம் கண்டு, மூலப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். "இரண்டு விநாடி பொறு" என்று கட்டளையிடுவது வீண். எதிர்பார்த்த எண் தோன்றும் வரையில் காத்திருப்பதே முறை. அடிவரை சென்றபின் மேலேயும் உருட்டிப் பார்க்க வேண்டும். 1200 எண்களில் ஒன்று குறைந்தாலும் சோதனை தோல்விதான். மொத்த வரிகள் எத்தனை, இது எத்தனையாவது வரி என்று பக்கத்திலேயே குறித்துவைக்க 2017-ல் வெளியான ஏரியா 1.1 என்னும் தர விதிகள் வழி செய்தன. கண் பார்வையற்றோருக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. யந்திரத்துக்கும் கண்ணில்லை அல்லவா!

வாக்காளர் ஜாபிதாவிலோ ரேஷன் ஜாபிதாவிலோ இப்படி நேர்ந்தால் என்ன கதி என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

நாம் விடாமல் வற்புறுத்தியதன் பேரில் சோதனையை மாற்றி எழுதினார்கள். முதல் ஓட்டத்திலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. பிறர் மார்க்கைச் சுமந்துகொண்டு இன்னும் 11 பேர் இருந்தனர். அவர்களில் ஒருவரும் வந்து கேட்கவில்லை.