தார் ரோடு முடிந்த பிறகு

மணாலியிலிருந்து ஸ்பிட்டி போகும் வழியில், கிராம்பூ தாண்டியதும் கரடுமுரடுதான். ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் சந்திரா ஆறு, மறுபக்கம் மருந்துக்கும் மரம் இல்லாத மலை. சரிவில் காவி, ஊதா, துருநிறம் என்று பட்டை பட்டையாய்ப் பாறை. உச்சியில் பனி உருக உருக ஓடைகள் பாதைக்குக் குறுக்கே பாய்கின்றன. காலையில் கணுக்கால் நனையும் தண்ணீர், வெயில் ஏறினால் முழங்காலைத் தாண்டிவிடும். ‘பாகல் நாலா’, பைத்தியக்கார ஓடை என்றே சிலவற்றுக்குப் பெயர்.

எங்கள் ஊர் வேங்கிக்கால் நண்பர்களின் தீராத வழக்கைத் தீர்க்கத்தான் இங்கே வந்திருந்தோம். கரடுமுரடுக்கு எந்த வண்டி, தாரா, குர்காவா, ஜிம்னியா? 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, அந்தப் பரம்பரையில் வந்த தாரை நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மையத்தில் புதுசாக உருவாக்கி 2020 அக்டோபரில் விட்டது. அன்றிலிருந்து ஊரில் இதே பேச்சு. “ஜீப்பு முகத்த வெச்சுக்கினு உள்ள சோபா போட்டுட்டானுங்க மச்சான்” என்பது குர்காக்காரரின் கட்சி. ஜிம்னித் தம்பிக்கு ஜிப்ஸியின் வாரிசு என்ற பெருமை.

ஓடையில் மூன்றின் குணமும் தெரிந்தது. குர்கா ஆசாமி கியர் பக்கத்து லீவர்களை இழுத்து முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஊர்ந்தார். கம்பெனியிலேயே பொருத்தி வரும் ஸ்நார்க்கல் இருப்பதால் முகத்தில் ஒரு திமிர். என் தாரின் பின்சக்கரம் ஒரு வழவழப்பான கல்மேல் வெறுமனே சுழன்றது. அடியில் ‘கடக்’கென்று ஒரு சத்தம், டிஃபரன்ஷியல் தானாகவே பூட்டிக்கொள்ள, வண்டி ஒரு உதறு உதறி ஏறியது. ஜிம்னிக்குப் பூட்டு கிடையாது. நழுவும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக்ஸ்தான். ஆனால் எடை சுமார் 1,200 கிலோதான். முன்னும் பின்னும் முழு ஆக்சில். ஆட்டுக்குட்டி மாதிரி கல்லுக்குக் கல் தாவிப் போய்விட்டது.

நாங்கள் கரையேறி மார்தட்டிக்கொண்டிருந்தபோது ஹிமாச்சல் அரசு பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக்கூடப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஜன்னலோரத்தில் ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏறத்தாழ 15,000 அடி உயரமுள்ள குன்ஜம் கணவாயில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்கூட இல்லை. டர்போ உள்ள தாரும் குர்காவும் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டிச் சமாளிக்கின்றன. ஜிம்னிக்கு டர்போ இல்லை. காகிதத்தில் 105 குதிரைத்திறன், இங்கே அறுபது கிட்டினால் பெரிது. கொண்டை ஊசி வளைவுகளில் தம்பிக்கு முதல் கியரே கதி. ஊர் டீக்கடையில் இத்தனை வருஷம் பேசினோமே, ஒருவர் வாயிலாவது காற்று என்ற சொல் வந்ததா?

கணவாயில் குன்ஜம் தேவி கோயில். வண்டிகள் அதை வலம் வந்துவிட்டுத்தான் மேலே போகும். லாரியும் பைக்கும் பிரதட்சிணம் செய்வதைப் பார்த்ததும் எங்களுக்குப் புல்லரித்தது. கிரிவலத்து ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கொடிகள் படபடக்க, மூன்று வண்டியும் வரிசையாகச் சுற்றின.

பாறைக்கு குர்கா. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் என் ஓட்டு தாருக்கே. வேங்கிக்காலிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தும் இடுப்பு இடுப்பாகவே இருந்தது. அந்தச் சோபாவைக் கேலி செய்பவர்கள் நாக்பூர் வரையாவது ஓட்டிப் பார்க்கட்டும். பின்சீட்டில் வந்த என் பெரியப்பா மகன்தான் தீர்ப்பை ஏற்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்சீட்டை மடக்கி இறங்கியவன் அவன். “2024ல வந்த அஞ்சு கதவு தார் ராக்ஸ எடுத்துக்கினு வா, அப்புறம் பேசலாம்” என்றான்.