தீப்பற்றாத, எளிதில் தீப்பற்றாத

புணேயில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் நான், என் ஆய்வேட்டில் இடம்பெறாத ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி இங்கு எழுதுகிறேன். அது ஒன்றரைப் பக்கம்தான். அதில் நான் செய்த பிழை ஒரே ஒரு சொல்.

கட்கிப் பகுதியில், நம்மவர் வாயில் இன்றும் 'கிர்க்கி'யாகவே வழங்கும் இடத்தில், மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி மைதானத்தில் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுவார். அதற்காக ஊரிலிருந்து நான்கைந்து இளைஞர்கள் வந்து இரண்டு வாரம் தங்கி வேலை செய்வார்கள். 2022ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாள் முன்பு அவர் உரிம நிபந்தனைகள் அடங்கிய ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டினார்.

"நீ மொழிதானம்மா படிக்கெ? நம்ம பயலுகளுக்குப் புரியுற மாதிரி இதத் தமிழ்ல எழுதிக் குடு."

இந்தியாவில் வெடிபொருள் வணிகத்தை ஆள்வது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். அதன்கீழ் இப்போது நடைமுறையில் இருப்பவை 2008ஆம் ஆண்டின் விதிகள். இவற்றை நிர்வகிக்கும் மத்திய அமைப்பின் தலைமையகம் இதே மாநிலத்தில், நாக்பூரில் இருக்கிறது. விழாக்காலத் தற்காலிகக் கடைகளுக்கென 84ஆம் விதி உண்டு. கடை தீப்பற்றாத பொருளால் ஆனதாகவும், பிறர் நுழையாதபடி மூடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று நோக்கி அமையக் கூடாது. மின்விளக்கைச் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டுமே தவிர, வயரில் தொங்கவிடக் கூடாது. ஒரு தொகுதியில் 50 கடைகளுக்கு மேல் அனுமதியில்லை.

இப்படிச் சொன்னால் எளிதாகத் தெரிகிறது. ஆங்கில மூலத்தோடு உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அதில் 'புரொடெக்டட் வொர்க்' என்றொரு தொடர் வருகிறது. கடை அதிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பாதுகாக்கப்பட்ட பணி' என்றாகும், பொருளே இல்லை. சட்டம் குறிப்பது வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில், மக்கள் கூடும் இடம் முதலியவற்றை. 'டிஸ்பிளே' என்பதைக் 'காட்சிக்கு வைத்தல்' என்று எழுதினால், கடைக்காரர் கடையில் பட்டாசை அடுக்கவே கூடாது என்றாகிவிடும். அங்கே அதன் பொருள் வாணவேடிக்கை நடத்துவது. 'மேகசின்' இன்னும் வேடிக்கையானது. கிடங்கு என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பா சென்று, வெடிமருந்துக் கிடங்காகி, துப்பாக்கியின் தோட்டாக் கூடாகி, 1731இல் லண்டனில் தொடங்கிய ஓர் இதழின் பெயர் வழியாகப் பத்திரிகையும் ஆனது. பொறி மொழிபெயர்ப்பு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்தக் கண்ணிகளையெல்லாம் நான் தாண்டினேன். அதில் சற்றுப் பெருமிதமும் கொண்டேன். விழுந்தது வேறோர் இடத்தில். 'ஷெட்' என்ற சொல்லைத் தவிர்த்து, நல்ல தமிழில் 'கொட்டகை' என்று எழுதினேன். தீப்பற்றாத பொருள் என்று இருந்ததை, ஓசை நயத்துக்காகவோ பழக்கத்தினாலோ, 'எளிதில் தீப்பற்றாத பொருள்' என்று எழுதினேன்.

ஊர்ப் பிள்ளைகள் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தார்கள், படித்தபடியே செய்தார்கள். கொட்டகை என்றதும் அவர்கள் மனத்தில் எழுந்தது கல்யாண வீட்டுப் பந்தல், டூரிங் டாக்கீஸ், கீற்றும் மூங்கிலும். கீற்று எளிதில் பற்றும், ஆகவே அதைத் தவிர்த்தார்கள். மூங்கில் கால் நட்டு, தடித்த தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாய் எளிதில் பற்றாதுதானே? ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒரு நோட்டம் விட்டார். முழுவதையும் பிரிக்கச் சொன்னார். அவர் செய்தது சரி. அன்றிரவு முழுதும் தகரத்துக்கு அலைந்தார்கள். ஒரு நாள் வியாபாரம் போயிற்று. அண்ணாச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்றதோடு சரி. பிள்ளைகளில் ஒருவன் மட்டும் கேட்டான்: "அக்கா, ஷெட்டுன்னு எழுதியிருந்தா தகரம்னு நாங்களே போட்டிருப்போமே?"

வகுப்பறையில் சொற்பொருள் மாற்றத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. கடன்சொல் என்று நான் விலக்கிய சொல், தமிழ்நாட்டுப் பேச்சில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கட்டுமானம் என்று பொருள் குறுகி நிலைத்திருக்கிறது. கொட்டகை என்ற என் 'சரியான' சொல்லோ எரியக் கூடிய பொருளைத் தன்னோடு சுமந்து வந்தது. கடன்சொற்களையெல்லாம் ஏற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. படிப்பவர் மனத்தில் ஒரு சொல் எதைக் கட்டி எழுப்புகிறது என்று கேட்காமல் அதைத் தேர்ந்தெடுத்தேன், பிழை அங்கேதான். 'எளிதில்' இன்னும் மோசமானது. தடையை அளவுகோலாக மாற்றி, முடிவைப் படிப்பவரின் கணிப்பிடம் விட்டது அது.

ஓராண்டு கழிந்தது. 2023 அக்டோபர் 7ஆம் நாள், கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றின. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளிக்கால வேலைக்குச் சென்ற இளைஞர்கள். அந்த விபத்தின் காரணங்கள் வேறு. மொழிபெயர்ப்பின் மேல் அதை ஏற்ற எனக்கு உரிமையில்லை. ஆயினும் செய்தியைப் படித்தபோது, தார்ப்பாயின் கீழ் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளின் முகங்களே தெரிந்தன. 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் கிடங்கில் பற்றிய தீயின் புகை அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்ததும், அங்கு வந்திருந்தவர்கள் மூச்சுத்திணறி இறந்ததும் நினைவுக்கு வந்தன. 'பாதுகாக்கப்பட்ட பணி' என்று எவரேனும் பெயர்த்திருந்தால் மறைந்துபோயிருக்கக் கூடியது அந்த ஸ்கேன் மையம்தான். அதே மாதம் மராட்டியத்தின் ஔரங்காபாதில் மைதானப் பட்டாசுச் சந்தையில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்து போயின. மூன்று மீட்டர், ஐம்பது கடை என்ற எண்கள் எதற்காக இருக்கின்றன என்பது அப்போது எனக்கு உறைத்தது.

அந்த ஆண்டு தாளைப் புதிதாக எழுதினோம். இம்முறை 'நான்' இல்லை, 'நாங்கள்'. ஒவ்வொரு விதியையும் நான் வாசித்தேன். பிள்ளைகள் தாளைப் பார்க்காமல் தம் சொல்லில் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதே எழுதப்பட்டது. 'பூட்டி வைக்கப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டு வாக்கியத்தை, "அதை யாரோ செய்வாங்க போல" என்று ஒருவன் விளக்கினான். மூலத்தின் அமைப்பு அப்படியே வந்து, செய்பவரை மறைத்துவிட்டது. 'கடைசியாகக் கிளம்புகிறவர் பூட்ட வேண்டும்' என்று மாற்றினோம். மூன்று மீட்டரைக் கடையின் கால்களிலிருந்து அளப்பதா, வெளியே நீட்டி அடுக்கும் பெட்டியிலிருந்து அளப்பதா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. பெட்டியை வெளியே அடுக்கவே கூடாது என்று முடிவாயிற்று. 'தகர ஷெட்' என்று முதல் வரியில் எழுதினோம். 'எளிதில்' எங்கும் இல்லை.

அந்த மாலையில் இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வெடிமருந்தை வெறுமனே 'மருந்து' என்றே சொல்வோம். மராத்தியில் அதற்குத் 'தாரூ' என்று பெயர். இன்று அது சாராயத்தையும் குறிக்கும். கட்கியின் தோட்டாத் தொழிற்சாலைக்கு மராத்தியில் 'தாரூகோளா' கார்கானா என்றே பெயர். பாரசீக மூலத்தில் தாரூ என்றால் மருந்து. சீன மொழியில் வெடிமருந்தின் பெயரே 'தீ மருந்து'. இவ்வளவு தூரத்தில் உள்ள மொழிகள் ஒரே உருவகத்தில் வந்து நிற்பதை நான் சொன்னபோது, அண்ணாச்சி சிரித்தார். "மருந்துன்னா சீட்டுல எழுதுனபடிதானம்மா குடுக்கணும்" என்றார்.

சீட்டை யார் எந்த மொழியில் எழுதுவது என்பதே கேள்வி. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி மத்திய அரசு வழங்கும் உரிமங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். ஆனால் மத்தியச் சட்டங்களையும் விதிகளையும் பிற மொழிகளில் அதிகாரபூர்வப் பாடங்களாக வெளியிட 1973ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வழி திறந்தே இருக்கிறது. அதில் நடக்க வேண்டியவர்களில் மொழித்துறைகளில் இருக்கும் நாமும் உண்டு. கவிதை மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்கு மூன்று பக்கம் விவாதிக்கிறோம். உரிம நிபந்தனைக்கு ஒரு மாலையேனும் ஒதுக்கலாம்.

துறைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் 'ஷெட்', 'கொட்டகை', 'சாவடி', 'கொட்டாய்' ஆகிய சொற்கள் எந்தக் கூரையை நினைவுக்குக் கொண்டு வருகின்றன என்று எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்கு முன் அந்தத் தாளை இன்னொரு முறை திருத்த வேண்டியிருக்கிறது.